தோஹா தொழில்பேட்டையின் வைத்தியர்கள்

தோஹா நகருக்குத் தென்மேற்கே, சல்வா வீதியை ஒட்டி விரிந்து கிடக்கிறது கட்டாரின் தொழில்பேட்டை. அரபியில் அதற்கு ‘சனாயியா’ என்று பெயர். நம்முடைய பொடியள் ‘சனையா’ என்று சொல்லிச் சொல்லி அதைத் தமிழாக்கிவிட்டார்கள். வீதிகளுக்குப் பெயர் கிடையாது, இலக்கம்தான். வாகனம் திருத்தும் கராஜ்கள், சீமெந்துக் கலவை நிலையங்கள், இரும்புப் பட்டறைகள், இவற்றுக்கு இடையிலும் பின்னாலும் தொழிலாளர் கேம்புகள். குடும்பம் என்று ஒன்றைப் பார்ப்பது அரிது. ஊரே ஆண்களால் ஆனது.

புலம்பெயர் தமிழர் என்றதும் ரொறொன்ரோ, லண்டன், பாரிஸ், சூரிச் என்றுதான் நமக்கு நினைவு போகிறது. ஆனால் அந்த நகரங்களில் இருக்கும் குடும்பங்களில் பலவற்றுக்கு ஒரு தம்பியோ, மச்சானோ, பெறாமகனோ வளைகுடாவில் இருப்பான். அகதி அந்தஸ்து, குடியுரிமை, பென்ஷன் எதுவும் அவனுக்கு இல்லை. இரண்டு வருட ஒப்பந்தமும் ஒரு பத்தாக்காவும்தான் அவனுடைய கையிருப்பு. கட்டாரில் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இலங்கையரும் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியரும் இருக்கிறார்கள். அவனுக்கு உடம்புக்கு ஒன்று வந்தால் யார் பார்க்கிறார், எங்கே பார்க்கிறார், பார்ப்பவருக்கு என்ன செய்ய முடிகிறது என்பதைப் பற்றியது இந்தக் கட்டுரை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கட்டாரில் நவீன வைத்தியம் தொடங்கியதே வெளியிலிருந்து வந்தவர்களால்தான். எண்ணெய் ஏற்றுமதி தொடங்கும் காலத்தில், 1940களின் கடைசியில், பஹ்ரெயினில் ஏற்கெனவே ஆஸ்பத்திரி நடத்திவந்த அமெரிக்க மிஷனைச் சேர்ந்த வைத்தியர்கள் தோஹாவிலும் ஒரு சிறு ஆஸ்பத்திரியை நடத்தினார்கள். மேரி அலிசன் என்ற பெண் வைத்தியர் அங்கே பணியாற்றியவர்களில் ஒருவர். அதன் பிறகு 1957இல் ருமைலா வைத்தியசாலை திறக்கப்பட்டது. 1979இல் ஹமத் மருத்துவக் கூட்டுத்தாபனம் அமைந்தது, 1982இல் ஹமத் பொது வைத்தியசாலை வந்தது. ஒவ்வொரு கட்டத்திலும் எகிப்து, சூடான், சிரியா, இந்தியா, பாகிஸ்தான் என்று பல நாட்டு வைத்தியர்களும், கேரளத்திலிருந்தும் பிலிப்பைன்ஸிலிருந்தும் வந்த தாதியரும்தான் அந்தக் கட்டடங்களை நிரப்பினார்கள். ஆகவே சனையாவில் ஒரு தொழிலாளியைப் பரிசோதிக்கும் வைத்தியரும் பெரும்பாலும் ஒரு வெளிநாட்டவர்தான். அவருக்கும் ஒரு பத்தாக்கா உண்டு, அவருக்கும் ஒரு ‘கஃபீல்’ உண்டு, வேலை முடிந்தால் அவரும் ஊருக்குத்தான் போகவேண்டும். சம்பளத்திலும் இருப்பிடத்திலும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருந்தாலும், வீசா என்ற கயிறு இருவர் காலிலும் ஒன்றுதான். இதை மறந்துவிட்டு ‘டொக்டர்மார் ஏன் வாய் திறக்கவில்லை’ என்று கேட்பது சுலபம்.

சனையாவில் வைத்தியம் மூன்று படிகளில் நடக்கிறது. முதலாவது கம்பெனி கிளினிக். பெரிய நிறுவனங்களின் கேம்புகளில் ஒரு தாதியோ வைத்தியரோ இருப்பார். சிறிய கம்பெனிகளில் ஒரு முதலுதவிப் பெட்டியும் ஒரு பெனடோல் போத்தலும் இருக்கும். இரண்டாவது, தனியாக வரும் ஆண் தொழிலாளர்களுக்கென்றே அமைந்த சுகாதார நிலையங்கள். சுகாதார அமைச்சுடன் சேர்ந்து கட்டார் செம்பிறைச் சங்கம் இவற்றை நடத்திவந்திருக்கிறது: ஹெமைலா, மிசைமீர், ஃபரீஜ் அப்துல் அஸீஸ், ஸிக்ரீத். மூன்றாவது படி ஹமத். 2018இல் தொழில்பேட்டைப் பகுதியிலேயே ஹஸ்ம் முபைரீக் பொது வைத்தியசாலையை அது திறந்தது. வயதுவந்த ஆண்களுக்கான வைத்தியசாலை அது. அப்படி ஒன்று தேவைப்பட்டது என்பதே அந்த ஊரின் குடிசனக் கணக்கைச் சொல்லிவிடுகிறது.

சுகாதார அட்டை என்ற ‘ஹெல்த் கார்ட்’ ஆண்டுக்கு 100 ரியால். அது கையில் இருந்தால் அரச வைத்தியம் மிக மலிவு. அட்டையை எடுத்துக்கொடுக்க வேண்டியது கம்பெனி. கம்பெனி எடுத்துக்கொடுக்காத இடத்தில், பத்தாக்கா காலாவதியாகிப்போன இடத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது. காசை விடப் பெரிய தடை நேரம். கோடையில் விடிய மூன்று, நான்கு மணிக்கே சைட்டுக்குப் பஸ் புறப்படும். கிளினிக்குக்குப் போனால் அன்றைய நாள் போய்விடும். போர்மனிடம் சொல்ல வேண்டும், கேம்ப் பொறுப்பாளரிடம் சொல்ல வேண்டும், வாகனம் கிடைக்க வேண்டும். ஆகவே நோய் முற்றிய பிறகே ஆள் வருவான். சனையாவில் வேலை செய்யும் வைத்தியர் முதலில் பழகிக்கொள்ள வேண்டியது இந்தப் பிந்தி வருகையைத்தான்.

இந்த இடத்தில் சட்டம் என்ன சொல்கிறது என்பது வீட்டாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். 2004ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கத் தொழிற்சட்டத்தின்படி மூன்று மாதம் வேலை செய்தவருக்கு நோய்க்கால விடுமுறை உண்டு. முதல் இரண்டு வாரம் முழுச் சம்பளம், அடுத்த நான்கு வாரம் அரைச் சம்பளம். ஆனால் முதலாளி ஏற்றுக்கொள்ளும் வைத்தியரின் சான்றிதழ் வேண்டும். அந்த ஒரு சொற்றொடரில் எவ்வளவோ அடங்கியிருக்கிறது. கம்பெனி வைத்தியர் ‘லைட் டியூட்டி’ என்று எழுதுவாரா, ‘ஓய்வு’ என்று எழுதுவாரா என்பதில் ஒருவனின் முதுகும் சம்பளமும் சேர்ந்தே தொங்குகின்றன. வேலையில் ஏற்பட்ட காயம் என்றால் விதி வேறு. சிகிச்சைச் செலவு முதலாளியுடையது. சிகிச்சைக் காலம் முழுவதும் அல்லது ஆறு மாதம், எது குறைவோ அதுவரை முழுச் சம்பளம் கொடுக்க வேண்டும். அதனால்தான் காயம் ‘சைட்டில் நடந்தது’ என்று முதல் நாளே வைத்தியர் குறிப்பில் ஏறுவது முக்கியம். ‘அறையில் வழுக்கி விழுந்தேன் என்று சொல்லு’ என்று போர்மன் சொல்லிக்கொடுத்தால் அதைக் கேட்கக்கூடாது. பயத்தில் பலர் கேட்டுவிடுகிறார்கள். (வீட்டு வேலைக்குப் போன பெண்கள் இந்தச் சட்டத்துக்குள் வரமாட்டார்கள். அவர்களுக்கு 2017ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம். அவர்களுடைய கதை தனியாக எழுதப்பட வேண்டியது.)

இனி மொழி. வைத்தியத்தில் பாதி கேள்வி கேட்பதுதான். சனையாவில் கேள்வி எந்த மொழியில் கேட்கப்படுகிறது? அரபி, ஆங்கிலம், ஹிந்தி, உருது, மலையாளம், வங்காளி, நேபாளி, தமிழ், சிங்களம், தகாலோக். பல ஆண்டு அங்கே இருந்த வைத்தியர்கள் எல்லாவற்றையும் கலந்து ஒரு கிளினிக் பாஷை வைத்திருப்பார்கள். ‘சக்கர்’ என்றால் தலைச்சுற்று, ‘தர்த்’ என்றால் வலி, ‘முஷ்கில்’ என்றால் பிரச்சினை, ‘மாஃபி’ என்றால் இல்லை. காய்ச்சலுக்கும் தடிமனுக்கும் இது போதும். நெஞ்சு எப்படி வலிக்கிறது, இறுக்குகிறதா, எரிகிறதா, குத்துகிறதா, இடது கைக்கு ஓடுகிறதா என்று பிரித்துக் கேட்க இது போதாது.

தமிழ் தெரிந்த வைத்தியர் அகப்பட்டாலும் நம்மவருக்கு இன்னொரு படி இருக்கிறது. யாழ்ப்பாணத்தான் ‘நாரி நோகுது’ என்பான். சென்னையில் படித்த வைத்தியருக்கு அது ‘இடுப்பு வலி’ என்று சட்டென்று பிடிபடாது. மலையாள வைத்தியருக்கோ நாரி என்றால் பெண். ‘தலையிடி’ என்றால் ஊகிக்கலாம். ‘முட்டு இழுக்குது’ என்றால் முழங்கால் மூட்டைப் பார்ப்பார்கள், இவன் சொல்வது ஆஸ்துமாவை. ‘சத்தி எடுத்தேன்’ என்றால் தமிழ்நாட்டு வைத்தியர் விழிப்பார். மலையாளி வைத்தியருக்கு அது உடனே புரியும், அங்கேயும் வாந்திக்கு ‘சர்தி’ என்பதுதான் சொல். நம்முடைய பேச்சு சில நேரங்களில் சென்னையை விடக் கோழிக்கோட்டுக்குக் கிட்ட இருக்கிறது என்பது சனையாவின் கிளினிக் வரிசையில் நின்றவர்களுக்குத் தெரியும். கேரளத் தாதியர்தான் பல இடங்களில் நம்மவரின் மொழிபெயர்ப்பாளர்கள். அவர்களுடைய வேலைப் பட்டியலில் இது எழுதப்பட்டிருக்காது, இதற்குச் சம்பளமும் கிடையாது.

இந்த இடத்தில் மானிப்பாயை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1847இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸிலிருந்து யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் என்ற வைத்தியர், அடுத்த ஆண்டு மானிப்பாயில் ஆஸ்பத்திரி தொடங்கினார். இடையில் சில ஆண்டுகள் தாய்நாடு போய் 1862இல் திரும்பிவந்தார். 1864 முதல் மாணவர்களுக்குத் தமிழிலேயே மேலை வைத்தியம் கற்பித்தார். அதற்காக ‘இரணவைத்தியம்’, ‘மனுஷ அங்காதிபாதம்’ போன்ற நூல்களைத் தமிழில் ஆக்கினார். 1873இல் அவர் புறப்படும்போது அறுபதுக்கும் மேற்பட்ட வைத்தியர்கள் அவரிடம் பயின்றிருந்தார்கள். வந்த வைத்தியர் நோயாளியின் மொழியைப் படித்துக்கொண்டார் என்பதே அந்தக் கதையின் சாரம். கிறீன் ஒரே மக்களிடம், ஒரே மொழியிடம் வந்தார். சனையாவின் வைத்தியரிடம் ஒரு முற்பகலில் ஏழெட்டு மொழிகள் வரிசையில் நிற்கின்றன. அதிலும் நோயாளி இரண்டு வருடத்தில் ஊருக்குப் போய்விடுவான், வைத்தியரும் ஐந்து வருடத்தில் கனடாவுக்கோ பிரித்தானியாவுக்கோ மாறிவிடுவார். மொழி வளர நேரம் வேண்டும். வளைகுடாவில் யாருக்கும் அது கொடுக்கப்படுவதில்லை.

ஆனாலும் சிலர் வெள்ளிக்கிழமையைக் கொடுக்கிறார்கள். கட்டாரில் வேலை செய்யும் இந்திய வைத்தியர்களுக்கு ‘இந்தியன் டொக்டர்ஸ் கிளப்’ என்று ஓர் அமைப்பு உண்டு. இந்தியத் தூதரகத்தின் ஆதரவில் இயங்கும் இந்தியச் சமூக நல மன்றமும் உண்டு. இவர்களும் இவர்களைப் போன்ற அமைப்புகளும் தொழிலாளருக்கு இலவச வைத்திய முகாம்களை நடத்திவருகிறார்கள். விடுமுறை நாளில், வாரம் முழுக்க வேறு வைத்தியசாலைகளில் வேலை செய்த வைத்தியர்களும் தாதியரும் மருந்தாளர்களும் வந்து உட்கார்ந்து இரத்த அழுத்தம், சீனி, கண், பல் என்று பார்ப்பார்கள். இந்த முகாம்களைக் கண்துடைப்பு என்று சொல்பவர்களும் உண்டு. ஒரு நாள் முகாமில் யாருடைய வியாதியும் மாறாதுதான். ஆனால் முப்பத்தைந்து வயதுக்காரன் ஒருவனுக்குத் தன் இரத்த அழுத்தம் 170 என்று முதல் முறையாகத் தெரியவரும் இடம் அதுதான். தெரிந்த பிறகு அவன் ஹெமைலாவுக்கோ முபைரீக்குக்கோ போகலாம். தெரியாமல் கூரைக்கு மேல் ஏறுவதை விட அது மேல்.

சனையாவில் வைத்தியர்கள் காணும் நோய்களில் தனியே சொல்லவேண்டியது வெயில். ‘வெயில் ஊரிலும்தானே இருக்கு’ என்று நாங்கள் சொல்வோம். ஊர் வெயிலில் வேலை செய்பவன் பத்து மணிக்கு மரநிழலுக்குப் போவான், கஞ்சி குடிப்பான், வேண்டுமென்றால் நாளைக்குப் பார்ப்போம் என்று மண்வெட்டியை வைத்துவிடுவான். சைட்டில் அந்தச் சுதந்திரம் இல்லை. தோஹாவின் ஆகஸ்ட் மாதம் வெப்பத்தோடு கடற்காற்றின் ஈரமும் சேர்ந்தது. வியர்வை காயாது. காயாத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது.

2007ஆம் ஆண்டின் விதி ஒன்றே கட்டாரில் நெடுங்காலம் இருந்தது: ஜூன் 15 முதல் ஆகஸ்ட் 31 வரை பகல் 11.30 முதல் 3 மணி வரை வெளிவேலை கூடாது. அது போதாது என்று காட்டிய ஆய்வுகளில் இரண்டு முக்கியமானவை. 2019இல் இருதயவியல் சஞ்சிகை ஒன்றில் வந்த ஆய்வு, கட்டாரில் 2009 முதல் 2017 வரை நடந்த நேபாளத் தொழிலாளர் மரணங்களை எடுத்துப் பார்த்தது. இருதய நோய் என்று பதியப்பட்ட 571 மரணங்களில் 200 வரை, வெயிலிலிருந்து சரியான பாதுகாப்பு இருந்திருந்தால் தடுக்கப்பட்டிருக்கலாம் என்பது அதன் முடிவு. வெப்பம் ஏறும் மாதங்களில் இளவயதினரின் ‘மாரடைப்பு’ ஏறியது. அதே ஆண்டில் கிரேக்கத்தின் தெசாலி பல்கலைக்கழக ஆய்வுக்கூடம் ஒன்று, சர்வதேசத் தொழில் தாபனத்துக்காகக் கட்டாரின் வேலைத்தளங்களிலேயே தொழிலாளரின் உடல் வெப்பத்தை அளந்தது. மூன்றில் ஒரு பங்கினரின் உடல் வெப்பம் வேலையின்போது ஏதோ ஒரு கட்டத்தில் 38 பாகை செல்சியஸைத் தாண்டியிருந்தது.

2021இல் விதி மாறியது. அமைச்சின் 17ஆம் இலக்கத் தீர்மானத்தின்படி ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை, காலை 10 முதல் பிற்பகல் 3.30 வரை வெளிவேலை தடை. வெப்பம், ஈரம், வெயில், காற்று நான்கையும் சேர்த்து அளக்கும் ஈரக்குமிழ்ச் சுட்டெண் 32.1ஐத் தாண்டினால், எந்த நேரமானாலும் வேலையை நிறுத்த வேண்டும். வெயில் தன் உடம்பைத் தாக்குகிறது என்று தொழிலாளி நியாயமாக நம்பினால் அவனே வேலையை நிறுத்தலாம். தொழிலாளருக்கு ஆண்டுக்கொரு வைத்தியப் பரிசோதனையும் இந்தத் தீர்மானத்தில் உண்டு. கடைசிச் சொன்னதை நம்முடைய ஆட்கள் கேட்டு வாங்குவதில்லை. ‘மெடிக்கல்’ என்றாலே கொழும்பில் செய்த சோதனையும், வந்து இறங்கியதும் செய்த எக்ஸ்ரேயும்தான் நினைவுக்கு வரும். அதில் தவறினால் திருப்பி அனுப்புவார்கள் என்ற பயம் மனதில் ஊறிப்போயிருக்கிறது. வைத்தியரைக் கண்டால் ஒளிக்கும் பழக்கம் அங்கே தொடங்குகிறது.

வெயில் இருதயத்தை மட்டும் அடிப்பதில்லை. சிறுநீரகமும் அடிவாங்குகிறது. சைட்டில் கழிப்பறை தூரம் என்பதால் தண்ணீர் குடிக்காமல் சமாளிப்பார்கள். குடிப்பதும் பல நேரம் கோலாவோ எனர்ஜி டிரிங்கோ. உடம்பு நோவுக்கு டைக்ளோபெனாக் குளிசை போடுவார்கள். உடலில் நீர் குறைந்திருக்கும்போது அந்தக் குளிசை சிறுநீரகத்துக்கு நஞ்சு மாதிரி. நேபாளத்தில் வளைகுடாவிலிருந்து திரும்பிய இளைஞர்கள் டயாலிசிஸ் கட்டிலில் படுத்திருப்பது அங்கே பெரிய பேச்சாகிவிட்டது. நமக்கு இதில் ஒரு கூடுதல் கவலை இருக்கிறது. வடமத்திய மாகாணத்தில் 1990களில் கவனத்துக்கு வந்த, காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய், வவுனியாப் பகுதியிலும் உண்டு. அந்தப் பகுதிகளிலிருந்தும் இளைஞர்கள் வளைகுடாவுக்குப் போகிறார்கள். ஏற்கெனவே களைத்த சிறுநீரகத்தோடு விமானம் ஏறுகிறவனுக்குச் சனையாவின் கோடை இரட்டைச் சோதனை. போவதற்கு முன் இரத்தத்தில் கிரியேட்டினின் பார்ப்பது பெரிய செலவில்லை. அதைப் பார்த்துவிட்டுப் போகும்படி இங்கிருந்து காசு அனுப்புகிறவர்கள் சொல்லலாம், அவர்கள் சொன்னால் கேட்பார்கள்.

வேலைக் காயங்களின் கணக்கை வெளியே கொண்டுவந்ததிலும் புலம்பெயர்ந்த வைத்தியர்களுக்குப் பங்கு உண்டு. ஹமத் வைத்தியசாலையின் விபத்துச் சிகிச்சைப் பிரிவில் காயத்தடுப்புத் திட்டத்தை வழிநடத்தியவர் ரஃபேல் கொன்சுஞ்சி என்ற பிலிப்பைன்ஸ் அறுவை வைத்தியர். உயரத்திலிருந்து விழுதல், தொழிலாளர் ஏறும் வாகனங்களின் விபத்து போன்றவற்றை அவரும் சக வைத்தியர்களும் எண்ணி, வகைப்படுத்தி, சஞ்சிகைகளில் எழுதினார்கள். உடைந்த காலை ஒட்டவைப்பதோடு வேலை முடிந்தது என்று அவர்கள் இருந்துவிடவில்லை. எந்த நாட்டவன், எந்த வேலை, எத்தனை மீற்றர், பாதுகாப்புக் கயிறு இருந்ததா என்று குறித்துவைத்தார்கள். குரல் எழுப்ப இடமில்லாத ஊரில் கணக்கும் ஒரு குரல்தான். 2021இல் சர்வதேசத் தொழில் தாபனம் கட்டாரின் வைத்தியப் பதிவுகளைக் கொண்டு வெளியிட்ட அறிக்கை, 2020இல் வேலையோடு தொடர்புடைய மரணங்கள் 50, கடுங்காயங்கள் 506, மற்றக் காயங்கள் ஏறத்தாழ 37,600 என்று எழுதியது. உயரத்திலிருந்து விழுதலும் வீதி விபத்தும்தான் முன்னணிக் காரணங்கள்.

அந்த அறிக்கைக்குச் சில மாதங்கள் முன், 2021 பெப்ரவரியில், லண்டன் ‘கார்டியன்’ பத்திரிகை 2010க்குப் பிறகு கட்டாரில் இறந்த தெற்காசியத் தொழிலாளர் 6,500க்கும் மேல் என்று எழுதியிருந்தது. அதில் இலங்கையர் 557. இந்த எண் எல்லாத் தொழில்களையும் எல்லாக் காரணங்களையும் சேர்த்தது. விளையாட்டரங்கு கட்டி இறந்தவர்கள் 6,500 பேர் என்று பிறகு பலர் திரித்துச் சொன்னது சரியில்லை. ஆனால் 50க்கும் ஆயிரங்களுக்கும் இடையிலான இடைவெளி எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி நியாயமானது. அதன் பதிலில் ஒரு பெரிய பங்கு மரணச் சான்றிதழில் இருக்கிறது. ‘இயற்கைக் காரணங்களால் இருதயம் நின்றது’ என்ற ஒரு வரி. இருதயம் நிற்காமல் யாரும் இறப்பதில்லை. ஏன் நின்றது என்பதை அந்த வரி சொல்வதில்லை. கட்டார் அரசே அமர்த்திய டிஎல்ஏ பைப்பர் என்ற சட்ட நிறுவனம், திடீர் மரணங்களில் உடற்கூற்றாய்வு செய்ய இடமளிக்கும்படி சட்டத்தைத் திருத்துமாறு 2014இலேயே பரிந்துரைத்தது. ஆரோக்கியமாக இருந்த இளைஞர்களின் விளக்கமில்லா மரணங்களை ஆராய வேண்டும் என்று 2021 அறிக்கையும் சொன்னது.

என் பார்வையில், சனையா வைத்தியர்களின் சேவையின் எல்லை இந்த இடத்தில்தான் தெரிகிறது. உயிரோடு வந்தவனுக்கு அவர்களால் நிறையச் செய்ய முடிகிறது. இறந்து வந்தவனுக்கு உண்மையான காரணத்தை எழுத, அவர்களுக்குச் சட்டமும் கருவியும் துணிவும் மூன்றும் சேர்ந்து வேண்டும். அந்த வரியைப் பொறுத்துத்தான் நட்டஈடு. வேலையால் நேர்ந்த மரணம் என்றால் தொழிற்சட்டப்படி குருதிப்பணத்தின் அளவில் நட்டஈடு உண்டு. கட்டாரில் அது 200,000 ரியால். ‘இயற்கை’ என்றால் பாக்கிச் சம்பளமும் பணிக்கொடையும் மட்டும்.

கொவிட் காலத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். 2020 மார்ச் 17 அன்று தொழில்பேட்டையின் 1 முதல் 32 வரையான வீதிகள் மூடப்பட்டன. அறைக்கு எட்டுப் பேர், பத்துப் பேர் இருந்த கேம்புகளில் தனிமைப்படுத்தல் என்றால் என்ன என்று யாருக்கும் விளங்கவில்லை. பிறகு படிப்படியாகத்தான் திறந்தார்கள். ஹஸ்ம் முபைரீக் முழுவதும் கொவிட் வைத்தியசாலையானது. சோதனையும் சிகிச்சையும் இலவசம் என்று அரசு அறிவித்தது, அது நடந்தும்தான் இருந்தது. தொற்று மிகப் பரவலாக இருந்தும் மரணம் ஒப்பீட்டளவில் குறைவு. தொற்றியவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள் என்பது ஒரு காரணம், தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் வீட்டுக்குப் போகாமல் நின்ற வெளிநாட்டு வைத்தியர்களும் தாதியரும் இன்னொரு காரணம்.

மன நோய் பற்றி அங்கே யாரும் பேசுவதில்லை. கடன், குடும்பப் பிரிவு, போரில் கண்டவை எல்லாம் சேர்ந்து நித்திரையில்லாமல் வருபவன், ‘நெஞ்சுக்குள்ள ஒரு மாதிரி’ என்றுதான் சொல்வான். ஈசிஜி எடுத்தால் சரியாக இருக்கும். தமிழ் தெரிந்த வைத்தியராக இருந்தால் அடுத்த கேள்வி வரும். இல்லாவிட்டால் இரைப்பை எரிவுக் குளிசையோடு திரும்புவான்.

குடும்பத்தவர்கள் செய்யக்கூடிய சில காரியங்கள் உண்டு. பத்தாக்காவின் இரு பக்கமும், ஹெல்த் கார்டும், வேலை ஒப்பந்தமும் படம் பிடித்து வீட்டில் ஒருவரிடம் இருக்கட்டும். வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்துவிட்டுப் போனவருக்குக் காப்புறுதி உண்டு, பதிவைப் புதுப்பித்திருக்கிறாரா என்று கேளுங்கள். வைத்தியசாலைக்குப் போனால் கொடுக்கும் ஒவ்வொரு கடதாசியையும் அன்றே படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள். வெயிலில் ஒருவர் பேச்சுக் குழறினால், வியர்வை நின்று உடம்பு கொதித்தால், 999ஐ அழைத்துவிட்டு வண்டி வரும்வரை தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்க வேண்டும். சைட் பஸ்ஸில் படுக்கவைத்து விசிறிக்கொண்டிருக்கக் கூடாது.

மரணம் நேர்ந்துவிட்டால், உடலை அனுப்பும் அவசரத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன், வைத்தியசாலை கொடுத்த மரண அறிவித்தல், பொலிஸ் அறிக்கை, மரணச் சான்றிதழ் மூன்றின் பிரதியையும் தூதரகம் மூலம் கேட்டு வாங்க வேண்டும். கடைசியாக எங்கே, எந்த நேரம், என்ன வேலை செய்துகொண்டிருந்தார் என்பதை அறை நண்பர்களிடம் எழுதி வாங்குவது அந்த வாரத்திலேயே முடிய வேண்டும். அடுத்த மாதம் அவர்கள் வேறு கேம்பில் இருப்பார்கள். இலங்கையில் சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனையைக் குடும்பம் கேட்கலாம். ஆனால் பதனிடப்பட்ட உடலில் வெயிலின் அடையாளம் அநேகமாக மிஞ்சியிராது, அதனால்தான் கடதாசிக்கும் சாட்சிக்கும் அவ்வளவு பெறுமதி. நட்டஈடு கோரக் கட்டார்ச் சட்டம் கொடுக்கும் காலவரை ஒரு வருடம்.

இன்னும் ஒரு விடயம், விடுமுறையில் வந்து திரும்புகிறவர்களின் பொதியைப் பற்றியது. அம்மா நாரி நோவுக்கு என்று வைத்துவிடும் குளிசைகளில் டிரமடோல் இருக்கலாம், இருமல் மருந்தில் கோடீன் இருக்கலாம், நரம்பு நோவுக் குளிசையில் பிரிகபாலின் இருக்கலாம், நித்திரைக் குளிசையில் டயஸிபாம் இருக்கலாம். இவையெல்லாம் கட்டாரில் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள். தோஹா விமான நிலையத்தில் பிடிபட்டால் போதைப்பொருள் வழக்காகவே போகும். இந்தியத் தூதரகம் இதுபற்றித் தன் நாட்டவர்களுக்கு எச்சரிக்கை விடுத்திருக்கிறது. பக்கத்து அறைக்காரனுக்கு என்று யாரோ தரும் மருந்துப் பொட்டலத்தை வாங்கவே கூடாது. தனக்குத் தேவையான மருந்து என்றால், வைத்தியர் ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்தும் முத்திரையும் இட்ட சிட்டை, மருந்தின் பொதுப்பெயர், அளவு, எத்தனை நாளுக்கு என்பது, எல்லாம் மருந்தின் சொந்தப் பெட்டியோடு கைப்பைக்குள் இருக்க வேண்டும்.